அக்காளின் வண்டி, தங்கையின் டிரெய்லர்

இழுக்கிற வண்டி லவோனுடையது. பின்னால் இழுபடுகிற டிரெய்லர் அவள் தங்கை ஆர்லிஸுடையது. மே மாதம் வட டகோட்டாவிலிருந்து கிளம்பியபோது இருவருக்கும் இது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. ஜூன் பாதி தாண்டுவதற்குள் ஒருத்தி முகத்தை மற்றவள் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டது. அப்புறம் அந்த ஏற்பாடே பெரிய தொல்லையாகிவிட்டது. வண்டி இல்லாமல் ஆர்லிஸ் எங்கேயும் நகர முடியாது. டிரெய்லர் இல்லாமல் லவோனுக்குப் படுக்க இடமில்லை.

அவர்கள் வேலைக்குச் சேர்ந்திருந்தது அலாஸ்கா நெடுஞ்சாலை ஓரத்து முகாம் ஒன்றில். வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் ஓய்வுபெற்ற மனிதர்கள் வருவார்கள். ஓரிரு நாள் தங்குவார்கள், தண்ணீர் பிடிப்பார்கள், துணி துவைப்பார்கள், வண்டியின் கழிவுத் தொட்டியைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். கோடையில் மட்டும்தான் பிழைப்பு. செப்டம்பரில் குழாய்கள் உறையத் தொடங்கினால் பூட்டிவிட வேண்டியதுதான்.

முதலாளி ராய்ஸ் டக்கெட். எலும்பும் தோலுமான ஆள், வாயில் எந்நேரமும் ஒரு பல்குச்சி. வேலைக்கு வந்தவர்கள் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் அவருக்குக் கவனம் அதிகம். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் ஏதாவது சொல்லிவிட்டு, பல்குச்சியை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்குத் தள்ளியபடி போய்விடுவார்.

அக்காளும் தங்கையும் வருகிற வழியெல்லாம் பேசி வைத்திருந்தது, ஒருநாள் ஒருத்தி ஆபீஸ் ஜன்னலில் உட்காருவது, மறுநாள் மற்றவள் உட்காருவது என்று. வந்து சேர்ந்ததும் ராய்ஸ் ஆர்லிஸை ஆபீஸில் வைத்தார், லவோனைக் கழிப்பறைகளுக்கும் குளியலறைகளுக்கும் கழிவுக் குழிக்கும் அனுப்பினார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் இரும்புச் சத்து அதிகம். எத்தனை தேய்த்தாலும் பீங்கானில் சிவப்புக் கறை மறுநாளே வந்து படிந்துவிடும். வருகிறவர்களோ சுத்தம் செய்கிறவள் சோம்பேறி என்று நினைத்தார்கள். லவோன் முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று வேலை செய்தவள். வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. குனிந்தால் நிமிர்வதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். முதலாளி செய்த முடிவு, என்ன செய்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

ஒருநாள் ராய்ஸ் பிளீச் டப்பாவைக் கொடுக்க வந்தவர், போகிற போக்கில் சொன்னார்: "உன் தங்கச்சி சொன்னது சரிதான். உனக்கு வெளி வேலதான் லாயக்கு. ஆளுங்களோட பேசற வேல உனக்கு ஆகாதாமே."

லவோன் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு நேராக டிரெய்லருக்குப் போனாள். ஆர்லிஸ் மதியச் சாப்பாட்டுக்கு சூப் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஆபீஸ் வேல ஆகாதுன்னு அவர்கிட்ட சொன்னியா?"

"அப்படிச் சொல்லல. நீ ஆளுங்கமேல எரிஞ்சு விழுவன்னு சொன்னேன். பொய்யா?"

"என் முட்டி எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியும் ஆர்லிஸ்."

"அப்ப அவர்கிட்டயே போய்ச் சொல்லேன். என்கிட்ட எதுக்குக் கத்தற? இப்பவே பாரு, எரிஞ்சுதான் விழற."

"நீ மட்டும் ஜன்னல்ல உக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டு, வரவன் போறவன்கிட்டயெல்லாம் பல்லக் காட்டு. நான் ஊரான் கக்கூஸக் கழுவறேன்."

"யாராவது ஒருத்தர் கழுவித்தான ஆகணும்" என்றாள் ஆர்லிஸ், சூப்பைக் கிண்டியபடியே.

அன்றிலிருந்து டிரெய்லருக்குள் சண்டை வேறு விதமாக நடந்தது. லவோன் படுப்பது சாப்பாட்டு மேஜையை இறக்கிப் போட்டால் கட்டிலாகிற இடத்தில். அவள் கண் விழிப்பதற்குள் ஆர்லிஸ் காப்பிக் கோப்பையோடு வந்து தலைமாட்டில் நின்று, "மேஜ வேணும்" என்பாள். சூரியன் அடங்காத அந்த ஊரில் தூங்குவதற்காக லவோன் ஜன்னலில் வெள்ளித்தாள் ஒட்டினால், காற்று வரவில்லை என்று ஆர்லிஸ் அதைக் கிழிப்பாள். ஆர்லிஸ் சிகரெட்டைக் கொளுத்தினால் லவோன் கதவைத் திறந்துவிடுவாள். கொசுக்கள் கூட்டமாக உள்ளே வரும், இருவரையும் கடிக்கும். இருவரும் சொறிந்துகொள்வார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஜூலையில் சால்மன் மீன் ஆற்றில் ஏறத் தொடங்கியதும் மீன் பிடிக்கிற கூட்டம் மொய்த்தது. கழிவுக் குழிக்கு முன்னால் காலையிலிருந்தே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அப்படி ஒரு காலை, பஸ் அளவுக்குப் பெரிய வண்டி ஒன்று குழியோரம் நின்றது. ஓட்டி வந்தவர் பெயர் ஹோல்காம்ப். தடித்த மனிதர். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே குழாயைச் சொருகி வால்வைத் திறந்துவிட்டார். வண்டிக்குள்ளிருந்து அவர் மனைவி ஏதோ கத்தினாள். இவர் போய் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். வால்வை மூடவில்லை, குழாயைக் கழற்றவும் இல்லை.

"சார், நிறுத்துங்க! குழாய் இருக்கு! நிறுத்துங்க!" லவோன் கையை ஆட்டிக்கொண்டே நொண்டி நொண்டி ஓடினாள்.

வண்டி நகர்ந்தது. குழாய் பிய்ந்து எகிறியது. வண்டித் தொட்டியில் வாரக் கணக்கில் சேர்ந்திருந்தது முழுவதும் ஜல்லித் தரையில் கொட்டியது. லவோனின் காலணியை நனைத்துக்கொண்டு, அடுத்து நின்ற வண்டிகளின் சக்கரம்வரை போனது. வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூச்சல் போட்டார்கள்.

ஹோல்காம்ப் இறங்கி வந்து பார்த்தார். முகம் சிவந்தது. அதற்குள் ராய்ஸும் வந்துவிட்டார்.

"இந்தம்மாதான் போலாம்னு கைய காட்டிச்சு. அத நம்பித்தான் வண்டிய எடுத்தேன்" என்றார் ஹோல்காம்ப்.

"நான் நிறுத்தச் சொல்லி கத்தினேன்!"

"கைய ஆட்டினியா இல்லியாம்மா?"

"நிறுத்தறதுக்கு ஆட்டினேன். ராய்ஸ், ஆர்லிஸ் பாத்துக்கிட்டுதான இருந்தா, அவளக் கேளுங்க."

ஆபீஸ் ஜன்னல் கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆர்லிஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கேட்ட கணத்திலிருந்து அங்கேயேதான் நின்றாள். லவோன் ஓடும்போதே அவளைப் பார்த்திருந்தாள். ராய்ஸ் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஆர்லிஸ்! என்ன நடந்துச்சு, பாத்தியா?"

ஆர்லிஸ் ஜன்னலைத் திறந்தாள். அக்காளைப் பார்க்காமல் ராய்ஸை மட்டும் பார்த்தாள். "இல்ல ராய்ஸ். நான் ரசீது எழுதிக்கிட்டிருந்தேன். பாக்கல."

ராய்ஸ் பல்குச்சியைத் துப்பினார். "மண்வெட்டி ஷெட்ல இருக்கு. சுண்ணாம்பும் அங்கதான். ஒரு சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது" என்று லவோனிடம் சொல்லிவிட்டு, ஹோல்காம்பின் தோளில் கை போட்டு, "இன்னிக்கு வாடக வேணாம் சார், மன்னிச்சுக்கங்க" என்று அழைத்துக்கொண்டு போனார்.

லவோன் வாரினாள். வரிசையில் நின்றவர்கள் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர்கூட இறங்கி வந்து, நீ கத்தியது எங்களுக்குக் கேட்டது என்று சொல்லவில்லை. சுண்ணாம்பைத் தூவி, தண்ணீர் அடித்து, மண்வெட்டியைக் கழுவி ஷெட்டில் வைத்தாள். ஷெட் சாவியையும் குளியலறைச் சாவியையும் ராய்ஸின் மேஜைமேல் எறிந்தாள். "வேற ஆளப் பாத்துக்கங்க." ராய்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவள் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தபோது ஆர்லிஸ் டிரெய்லர் வாசலில் வந்து நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"எங்கயோ. வண்டி என்னோடது."

"சரி, போ."

தங்கை கெஞ்சுவாள் என்று லவோன் எதிர்பார்த்திருந்தாள். வாரும்போதெல்லாம் அந்தக் கெஞ்சலைத்தான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன, புரியலயா? செப்டம்பர்ல பனி கொட்டும்போது இந்தத் தகர டப்பாவ நீயே தோள்ல கட்டி இழுத்துக்கிட்டு வரணும்."

"நான் வரப் போறதில்ல" என்றாள் ஆர்லிஸ். "குளிர்காலத்துக்குக் காவலா என்ன இங்கயே இருக்கச் சொல்லியிருக்காரு ராய்ஸ். ஆபீஸுக்குப் பின்னால அடுப்பு வெச்ச ரூம் இருக்கு. நான் ஒத்துக்கிட்டேன்."

லவோனின் கையில் பாதி மடித்த சட்டை அப்படியே நின்றது.

"ஓ. அதுக்குத்தான் பாக்கலயா?"

ஆர்லிஸ் சிகரெட்டை எடுத்தாள்.

"டுவேன் என்ன பண்ணுவான்? உன் புருஷன்னு ஒருத்தன் ஊர்ல இருக்கானே, ஞாபகம் இருக்கா?"

"டுவேனுக்குச் சமைக்கத் தெரியும்."

"நல்லா இரு" என்றாள் லவோன். பிறகு நாகரிகமான வார்த்தை எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. அவள் வண்டியை எடுத்த வேகத்தில் தெறித்த ஜல்லி டிரெய்லர் கதவில் போய் விழுந்தது.

தெற்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக்கடை ஒன்று இருந்தது. லாரிக்காரர்கள் நிறுத்திச் சாப்பிடுகிற இடம். காப்பி குடிக்க நிறுத்தினாள் லவோன். அடுக்களையில் பாத்திரங்கள் மலையாகக் குவிந்திருப்பது கல்லாவிலிருந்தே தெரிந்தது. கடைக்காரி பெர்னடெட் அந்தப் பக்கத்துப் பழங்குடிப் பெண். அனாவசியமாகச் சிரிக்க மாட்டாள். சமையல்காரன் முந்தின நாள்தான் சொல்லாமல் ஓடிப்போயிருந்தான்.

"நூறு பேருக்கு சூப் வெப்பியா?" என்று கேட்டாள்.

"நானூறு பிள்ளைங்களுக்கு வெச்சிருக்கேன்."

"பின்னால ரூம் இருக்கு. எலி வரும்."

"நான் இதுக்கு முன்னால இருந்த இடத்துக்கு எலியே தேவல" என்றாள் லவோன். அன்றைக்கே கரண்டியைப் பிடித்தாள்.

சில நாள் கழித்து, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கும்போது நடந்ததைச் சொன்னாள். ராய்ஸ் பெயரைக் கேட்டதும் பெர்னடெட் கத்தியை வைத்துவிட்டாள்.

"குளிர்காலக் காவலா? போன வருஷமும் ஒருத்திகிட்ட அதத்தான் சொன்னான். கான்சஸ்காரி. அவளும் அவன் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு ஜன்னல்ல உக்காந்திருந்தா. செப்டம்பர் வந்துச்சு, அவன் தம்பி மகன் பனியில ஓட்டற ஸ்னோமொபைல ஏத்திக்கிட்டு வந்து எறங்கிட்டான். வருஷா வருஷம் அவன்தான் இருப்பான். அந்தக் கான்சஸ்காரி இங்க உக்காந்துதான் அழுதா, நீ உக்காந்திருக்கற அதே ஸ்டூல்ல."

லவோன் உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள்.

"தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லேன்" என்றாள் பெர்னடெட்.

"சொல்லலாம்."

சொல்லவில்லை. கல்லா அருகில் போன் மாட்டியிருந்தது. ஒருமுறை எடுத்து எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்தாள். அப்போது அவளுக்கு உண்டானது சந்தோஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. நிற்கட்டும், ஜன்னலில் நின்று பல்லைக் காட்டட்டும். ஆகஸ்ட் முழுவதும் சூப் கிண்டும்போது அந்த நினைப்பை எடுத்து எடுத்து ருசி பார்த்தாள். மாதக் கடைசியில் அது ருசிக்கவில்லை. மலையுச்சியில் பனி விழுந்திருந்தது, பிர்ச் மரங்கள் ஒரே வாரத்தில் மஞ்சளாகிவிட்டிருந்தன. அப்போதும் அவள் போனை எடுக்கவில்லை.

செப்டம்பரில் போன் வந்தது; லவோன் இருக்கிற இடத்தை லாரிக்காரர் யாரோ சொல்லியிருந்தார்கள். பெர்னடெட் ரிசீவரை நீட்டினாள்.

"லவோன்?" ஆர்லிஸின் குரல். "இங்க மூடறாங்க."

"சரி."

"ராய்ஸ் என்ன இருக்க வேணாங்கறாரு. அவரோட..."

"தம்பி மகன் வந்துட்டான்."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் உறுமுவது கேட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ரோட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஜூலைலேர்ந்து."

ஆர்லிஸ் போனை வைத்துவிட்டாள்.

லவோன் அன்று போகவில்லை. மறுநாள் காலை வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டினாள். பெர்னடெட் கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தை முன்னிருக்கையில் எறிந்தாள். வடக்கே ஓட்டினாள். பாவம் என்று போகிறோமா, பார்த்துச் சிரிக்கப் போகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

முகாம் காலியாகக் கிடந்தது. டிரெய்லருக்கு வந்த மின்சாரத்தை ராய்ஸ் பிடுங்கியிருந்தார். ஆர்லிஸ் கோட்டின்மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். லவோனைப் பார்த்ததும் எழவில்லை.

ராய்ஸ் ஆபீஸிலிருந்து வெளியே வந்தார். "நீ இங்க வேல செய்யறவ இல்ல. கேக்காம உள்ள வரக் கூடாது."

"வேல செய்யறவளா இருந்தப்ப வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். இப்ப பேசலாம் பாருங்க" என்றாள் லவோன். "அந்தக் குண்டன் பொய் சொன்னது உங்களுக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் என்ன வார வெச்சீங்க."

"தெரியும்தான். அதுக்கென்ன? அவன் காசு குடுக்கறான். நீ குடுக்கறியா?"

"அவளுக்கு ரூம் தரேன்னு சொன்னது?"

"சொன்னேன். இப்ப இல்லங்கறேன்." அவர் முகத்தில் வெட்கத்தின் சாயலே இல்லை. "மத்தியானத்துக்குள்ள இதக் கெளப்பு. இல்லேன்னா தம்பி மகன விட்டு ரோட்டோரம் தள்ளிருவேன்."

"உங்க கிணத்துத் தண்ணி மாதிரியே இருக்கீங்க ராய்ஸ். தொட்ட இடமெல்லாம் கறை."

ராய்ஸ் சிரித்தார். அவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. லவோனுக்கு இன்னும் நாலு வார்த்தை தயாராக இருந்தது. ஆனால் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

டிரெய்லரை வண்டியோடு கோக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி பின்னோக்கி ஓட்ட, ஒருத்தி நின்று வழி சொல்ல வேண்டும். வேறு வழியில்லாமல் ஆர்லிஸ் எழுந்து வந்தாள்.

"எடது பக்கம். இல்ல, என் எடது."

"உன் எடது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கையக் காட்டு!"

"கையக் காட்டினா நீ தப்பாப் புரிஞ்சுக்குவ."

"காட்டுடி!"

அடித்துப் பிடித்து ஒருவழியாகக் கொக்கி விழுந்தது. சங்கிலியை மாட்டும்போது ஆர்லிஸின் விரல் நசுங்கி ரத்தம் வந்தது. லவோன் துணி ஒன்றை எறிந்தாள். ஆர்லிஸ் அதை எடுத்துச் சுற்றிக்கொண்டாள்.

கனடா எல்லைச் சாவடியில் இளம் அதிகாரி ஜன்னலில் குனிந்து, "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறீங்களா?" என்று கேட்டான். "இல்ல" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அவன் டிரெய்லரைக் குடைந்து தேடிவிட்டுத்தான் போகவிட்டான்.

அடுத்த நாள், ஒட்டக முதுகு மாதிரி மேடும் பள்ளமுமாகக் கிடந்த சாலையில், கிளம்பியபின் முதல்முறையாக ஆர்லிஸ் தானாக வாயைத் திறந்தாள். "தெரிஞ்சும் சொல்லல நீ."

"பாத்தும் சொல்லல நீ."

"எனக்குக் காரணம் இருந்துச்சு."

"என்ன காரணம்? அடுப்பு வெச்ச ரூமா?"

ஆர்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்ன டுவேன் வீட்டுல எறக்கி விடாத. எங்கயாவது ஊருக்கு வெளிய நிறுத்து. அவன் பூட்ட மாத்திட்டான்."

லவோன் வண்டியைச் சாலையோரம் நிறுத்தினாள். பின்னால் வந்த லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டுத் தாண்டியது.

"எப்ப?"

"ஏப்ரல்ல. நாம கெளம்பறதுக்கு முன்னால. வீடு அவன் அம்மா பேர்ல இருக்கு. டிரெய்லர மட்டும் எடுத்துக்கிட்டுப் போன்னுட்டான். வேறொருத்தி வந்தாச்சு."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது?" ஆர்லிஸ் இப்போதுதான் நேருக்கு நேர் திரும்பினாள். கண்கள் காய்ந்திருந்தன. "கல்யாணத்தன்னிக்கு சர்ச் சமையல்கட்டுல, கேக் வெட்டிக்கிட்டே என்ன சொன்ன? இவன் ஒருநாள் உன்னத் தெருவுல நிறுத்துவான், அப்ப அழுதுக்கிட்டு என் வாசலுக்கு வராதேன்னு சொன்ன. எல்லார் முன்னாலயும். அதான் வரல. அலாஸ்காவுலயே செத்தாலும் உன் வாசலுக்கு வரக் கூடாதுன்னு இருந்தேன்."

லவோனுக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. சொல்லியிருக்க மாட்டோம் என்று அடித்துப் பேசவும் முடியவில்லை. அது அவள் பேசுகிற பேச்சுதான். நீ அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் இந்தக் கழுவலும் வாரலும் எதுக்கு என்று கேட்க வாய்வரை வந்தது. அதையும் விழுங்கினாள்.

"நான் பட்டது பட்டதுதான் ஆர்லிஸ்" என்றாள் கடைசியில். "அத்தன பேர் முன்னால. அத நான் மன்னிக்கல."

"நான் கேக்கவும் இல்ல."

லவோன் வண்டியை எடுத்தாள்.

வட டகோட்டா வந்ததும், லவோன் வீட்டுப் பின்புறப் புல்தரையில் டிரெய்லர் நின்றது. வீட்டுக்குள் வா என்று அவள் சொல்லவில்லை, வருகிறேன் என்று இவளும் சொல்லவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக மின்சார ஒயர் ஒன்றை மட்டும் லவோன் இழுத்து விட்டாள். ஆர்லிஸுக்கு ஊரிலிருந்த மருந்துக்கடையில் பழைய வேலையே கிடைத்தது. காலையில் ஒருத்தி போவதை ஒருத்தி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். குப்பைத் தொட்டியை யார் தெருவுக்குத் தள்ளுவது என்பதில் அக்டோபரில் ஒரு சண்டை வந்தது. நவம்பரில் வருகிற நன்றிப் பண்டிகைக்கு லவோன் வான்கோழி வறுத்து, ஒரு தட்டை டிரெய்லர் படியில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் வந்துவிட்டாள். தட்டு கழுவித் திரும்பி வந்தது.

ஜனவரியில் குளிர் எலும்பைக் குடைந்தது. மூக்கு முடி உறைகிற அளவுக்கு. ஒரு காலையில் லவோன் பார்த்தபோது டிரெய்லர் ஜன்னல் உட்புறமாகப் பனி பிடித்து வெள்ளையாகியிருந்தது. ஆர்லிஸ் கடைக்குக் கிளம்பி வரவில்லை. லவோன் கோட்டை மாட்டிக்கொண்டு, முழங்கால் பனியில் புதையப் புதைய நடந்து போய்க் கதவைக் குத்தினாள்.

ஆர்லிஸ் திறந்தாள். இரண்டு கோட்டு, தலையில் கம்பளித் தொப்பி, உதடு நீலம். உள்ளே குழாய் வெடித்துத் தரையெல்லாம் ஐஸ்.

"உள்ள வா" என்றாள் லவோன்.

"உன் வாசலுக்கு வர மாட்டேன்னு சொன்னேன்ல."

"பின்கதவு வழியா வா. பேச வேணாம், ஒண்ணும் வேணாம். வந்து படு."

ஆர்லிஸ் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பற்கள் தந்தியடித்தன. பிறகு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அக்காள் மிதித்து வந்த தடத்திலேயே கால் வைத்து நடந்து வந்தாள்.

அடுக்களையில் தொப்பியைக் கழற்றினாள். சுற்றிலும் பார்த்தாள். "இந்த வீட்டுல ஹீட்டரக் கூட்டவே மாட்டியா? வெளிய இதவிடத் தேவல."

"வாய மூடு" என்றாள் லவோன். காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.